என்னிடம் உள்ள N கேஜ் (மிகச் சிறிய அளவு மாதிரி ரயில்) மார்க் 1 பெட்டிகள் (பழைய பிரிட்டிஷ் பயணிகள் பெட்டிகள்) பொம்மை போலத் தெரிகின்றன. பாரம்பரிய நீராவி ரயில் பெட்டி போல மாற்றுவது எப்படி?

முதலில் உள்ளே ஆட்களை உட்கார வையுங்கள். காலி இருக்கைதான் பொம்மை என்று காட்டிக்கொடுக்கும். உருவங்களின் காலை வெட்டினால்தான் பொருந்தும், பாவம்!

பிரிட்டிஷ் N கேஜ் 1:148 அளவு. நிஜத்தில் ஓர் அங்குலத் தடிமனுள்ள கம்பி இதில் 0.17 மி.மீ.தான். அதனால் கதவுக் கைப்பிடியைத் தனியாகச் செய்ய மெனக்கெடாதீர்கள். பல்குச்சி நுனியில் பித்தளை நிறப் பெயிண்டைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தால் போதும்.

அப்புறம் அழுக்கு. இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். இங்கிலாந்தின் செவர்ன் வேலி போன்ற பாரம்பரிய ரயில் பாதைகளில் பெட்டியின் பக்கங்களைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். கரி படிவது கூரையில். பிரேக் தூசி சேர்வது அடியில். எனவே பக்கங்களை விட்டுவிட்டு, கூரைக்கு மங்கிய சாம்பலும் சக்கரப் பகுதிக்குத் துருப்பழுப்பும் பூசுங்கள். இரண்டுமே மினுமினுப்பில்லாத பெயிண்டாக இருக்கட்டும்.

கடைசிப் பெட்டிக்கு வால் விளக்கு வேண்டும், மறந்துவிடாதீர்கள்.