ஏரிக்கரைப் பக்கம் வீடு எடுத்தால் நகரத்துக் காற்று மாசிலிருந்து தப்பலாமா?

நீங்கள் ரொறன்ரோவில் வீடு பார்க்கிறீர்கள், வீட்டில் யாருக்கோ முட்டு வருத்தம் (ஆஸ்துமா) என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். வேறு ஊர் என்றால் மன்னிக்கவும்.

நானும் அப்படித்தான் நம்பினேன். 2012 கோடையில் ஒரு நாள், 401 நெடுஞ்சாலைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் அடைந்து கிடப்பதைவிட ஏரிக்காற்று நல்லது என்று மகனை ஒன்ராறியோ ஏரியின் ஸ்காபரோ பிளஃப்ஸ் கரைக்குக் கூட்டிப்போனேன். மத்தியானத்துக்குப் பிறகு குளுகுளுவென்று காற்று. நாலரைக்கு அவனுக்கு முட்டு. மூச்சுக்கு இழுக்கும் பம்ப் வீட்டில். ஏரிக்கரைக்குத்தானே போகிறோம் என்று எடுக்காமல் விட்டதும் நான்தான்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இரவிலும் விடியற்காலையிலும் தரைக்காற்று நகரத்து வாகனப் புகையை ஏரிக்கு மேல் தள்ளிவிடும். கோடைத் தொடக்கத்தில் தண்ணீர் இன்னும் குளிர். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கிடக்க, அதற்கு மேலே சூடான காற்று மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும், புகைக்கு மேலெழும்பிக் கலைய வழியில்லை. வெயில் பட்டால் அதிலிருந்து, மூச்சுக்குழாயைப் புண்படுத்தி முட்டைக் கிளப்பும் ஓசோன் வாயு உண்டாகும். பகலில் தரை சூடாகிக் காற்று எழும்ப, அந்த இடத்துக்கு ஏரிக்காற்று வரும்போது ஓசோனும் கூடவே வரும், கண்ணுக்குத் தெரியாமல். மிச்சிகன் ஏரிக்கரையில் ஷெபோய்கன் என்று ஒரு சின்ன ஊர், தெற்கே சிக்காகோ விட்ட புகைக்கு இது ஓசோனை வாங்கிக் கட்டிக்கொள்கிறது. 2017இல் விமானமெல்லாம் பறக்கவிட்டு இதை ஆராய்ந்தார்கள்.

சண்டைக்கு வராதீர்கள், ஏரிக்காற்று எப்போதும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பல நாள் அது சுத்தமாகத்தான் வரும். ஈரி ஏரிக்கரையிலிருந்த நான்டிகோக் அனல் மின்நிலையம் 2013இல் நிலக்கரி எரிப்பதை நிறுத்திய பிறகு நிலைமை தேவலை. வெயில் கொளுத்தும் நாளில் மட்டும் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு, காலையிலேயே கரைக்குப் போய்த் திரும்பிவிடுங்கள்.

புகை என்றதும் இன்னொன்று. அதே கட்டடத்தில் மாமி ஒரு நாள் தூளுக்கு மிளகாய் வறுத்ததற்கு மேல்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்து, நிர்வாகம் எங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஒரு நிமிடத்துக்கு மேல் எஞ்சினைச் சும்மா ஓடவிடக்கூடாது என்று நகரத்தில் சட்டமே இருக்கிறது, கீழே கார் தரிப்பிடத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டுக் காப்பி குடித்த அதே மனிதருக்கு ஒரு கடிதமும் போகவில்லை.