சக்ஸஷனுக்கும் சக்ஸஸுக்கும் என்ன உறவு?

சென்ற இதழில் 'வாரிசு' என்ற சொல் அரபியிலிருந்து நமக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த பலர், ஆங்கிலத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்கும் 'சக்ஸஷன்' பற்றிக் கேட்டு எழுதிவிட்டார்கள். நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பதே என் தொழிலாக இருந்ததால், இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. இந்த முறை பதில்கள் முழுக்க அதற்கே.

மூன்று நிலநடுக்கங்கள் 'இன் க்விக் சக்ஸஷன்' வந்ததாக ஓர் ஆங்கிலச் செய்தியில் படித்தேன். என் தோழி அதை 'விரைவான வெற்றியில்' என்று மொழிபெயர்த்தாள். நிலநடுக்கத்தில் ஏது வெற்றி? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி)

அங்கே வெற்றிக்கு வேலையே இல்லை. 'அடுத்தடுத்து', 'ஒன்றன்பின் ஒன்றாக', இன்னும் பேச்சுவழக்கில் 'மளமளவென்று' என்றால் சரியாக இருக்கும். மூன்று நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து வந்தன, அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் தோழி குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது. சக்ஸஸ், சக்ஸஷன் இரண்டுமே லத்தீனில் 'பின்னால் வருதல்' என்று பொருள்படும் ஒரே வினைச்சொல்லிலிருந்து பிறந்தவை. ஒரு காரியத்துக்குப் பின்னால் என்ன வருகிறதோ அதுதான் ஆரம்பத்தில் சக்ஸஸ். அதாவது வெறும் விளைவு. நல்ல சக்ஸஸ், கெட்ட சக்ஸஸ் என்று இரண்டுமே பழைய ஆங்கிலத்தில் உண்டு. நாளாக ஆக, நல்லது மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் 'பலன்' என்ற சொல்லைப் பாருங்கள். ராசிபலனில் நல்ல பலனும் உண்டு, கெட்ட பலனும் உண்டு. ஆனால் 'முயற்சிக்குப் பலன் கிடைத்தது' என்றால் யாரும் கெட்டதை நினைப்பதில்லை. ஆங்கிலத்திலும் நடந்தது இதேதான். சக்ஸஷன் மட்டும் இடம் மாறாமல், 'பின்னால் வருதல்' என்ற பழைய பொருளோடே நின்றுவிட்டது.

தொல்லை தருவது 'சக்ஸீட்' என்ற வினைச்சொல், ஏனென்றால் அது இரண்டு பொருளையும் சுமக்கிறது. அதற்குப் பின்னால் 'இன்' வந்தால் பெரும்பாலும் வெற்றி. நேராக ஓர் ஆளின் பெயர் வந்தால் அவருக்கு அடுத்து அந்த இடத்துக்கு வந்தார் என்று பொருள். 'டு' சேர்ந்து பட்டமோ சொத்தோ வந்தால் அதை அடைந்தார் என்று பொருள்.

இதைப் பழக எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து. 1888 தேர்தலில் நாடு முழுவதும் மக்கள் போட்ட வாக்குகளில் அவருக்குத்தான் அதிகம். ஆனால் ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் தோற்றார். 1889-ல் பெஞ்சமின் ஹாரிசன் அவரை 'சக்ஸீட்' செய்தார். 1892-ல் கிளீவ்லாந்து மறுபடி ஜெயித்து, 1893-ல் ஹாரிசனை 'சக்ஸீட்' செய்தார். தனக்கு அடுத்து வந்தவருக்கு அடுத்தும் அவரே வந்தார்! அதனால்தான் 22-வது ஜனாதிபதியும் அவரே, 24-வது ஜனாதிபதியும் அவரே. இந்த வரியைத் 'தோற்கடித்தார்' என்று மொழிபெயர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே தேர்தல் முடிவும் அப்படியே இருந்துவிட்டதால் தப்பு கண்ணில் படாது. அப்பாவுக்குப் பின் மகன் பொறுப்பேற்ற செய்தியிலும் அதே மொழிபெயர்ப்பைப் போட்டால், மகன் அப்பாவை வீழ்த்திவிட்டதாக ஆகிவிடும்.

'சக்ஸஸிவ்', 'கன்செக்யூட்டிவ்' இரண்டும் ஒன்றா? (அதே வாசகி)

பல இடங்களில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போடலாம். 'கன்செக்யூட்டிவ்' என்பதில் நடுவில் இடைவெளி இல்லை என்ற அழுத்தம் கூடுதல். மேலே சொன்ன கிளீவ்லாந்தின் இரண்டு ஆட்சிக்காலங்களும் 'கன்செக்யூட்டிவ்' அல்ல. 'சக்ஸஸிவ்' என்பதில் வரிசைதான் முக்கியம். அப்புறம், 'சக்ஸஸ்ஃபுல்' என்று நினைத்துக்கொண்டு 'சக்ஸஸிவ்' என்று எழுதிவிடாதீர்கள். தேர்வுத் தாளில் இது அடிக்கடி நடக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பாடத்தில் வருவதும் இதே சொல்லா? (கல்லூரி மாணவர்)

இல்லை தம்பி. அது 'சிசெஷன்', பிரிந்து போதல். தெற்கு கரோலைனா 1860 டிசம்பர் 20 அன்று ஒன்றியத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது, அதுதான் சிசெஷன். நம் சொல்லின் எழுத்துகள் எஸ், யு, சி, சி, இ, எஸ், எஸ், ஐ, ஓ, என். சி இரண்டு, நடுவில் எஸ் இரண்டு. சிசெஷனில் யு கிடையாது, ஒரே சி.

எலிசபெத் ராணி இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் சார்லஸ் முடிசூடினார். அதுவரை பிரிட்டனில் மன்னர் இல்லையா? 'சக்ஸஷன்' எந்த நாளில் நடந்தது? (வரலாற்று ஆர்வலர்)

அருமையான கேள்வி. 2022 செப்டம்பர் 8 அன்று ராணி இறந்த அந்தக் கணத்திலேயே சார்லஸ் மன்னராகிவிட்டார். அதுதான் சக்ஸஷன். அதற்கு விழா தேவையில்லை, கையெழுத்துகூடத் தேவையில்லை. 'அக்ஸெஷன்' என்பது அரியணை ஏறுதல். அதை முறைப்படி அறிவிக்கும் அவை செப்டம்பர் 10 அன்று கூடியது. 2023 மே 6 அன்று நடந்தது முடிசூட்டு விழா. மூன்றுக்கும் நம் செய்திகளில் 'பதவியேற்பு' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். அது எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் சட்டப்படி அந்த நாற்காலி ஒரு நொடிகூடக் காலியாக இருந்ததில்லை என்ற செய்தியே அங்கே தொலைந்துபோகிறது. எலிசபெத்தின் கதையும் அப்படியே. 1952 பிப்ரவரி 6 அன்று தந்தை இறந்தபோது அவர் கென்யாவில் இருந்தார். அங்கேயே ராணியாகிவிட்டார். முடிசூட்டு விழா 1953 ஜூன் 2-ல்தான்.

'லைன் ஆஃப் சக்ஸஷன்' என்பது அடுத்து யார், அவருக்கு அடுத்து யார் என்ற வரிசை. அக்கா இருந்தாலும் தம்பிக்கே முதலிடம் என்பது பிரிட்டனில் நெடுங்கால வழக்கம். 2013-ல் நிறைவேறி 2015 மார்ச் 26-ல் நடப்புக்கு வந்த சட்டம் அதை மாற்றியது. 2011 அக்டோபர் 28-க்குப் பின் பிறந்தவர்களுக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை. அதனால் 2018-ல் சார்லஸின் பேரன் லூயி பிறந்த பிறகும் அக்கா சார்லட் வரிசையில் தன் இடத்திலேயே இருக்கிறார்.

'வார் ஆஃப் தி ஆஸ்திரியன் சக்ஸஷன்' என்பதற்குத் தமிழில் என்ன? (பள்ளி ஆசிரியை)

'ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர்.' 1740-ல் ஆஸ்திரியாவை ஆண்ட ஆறாம் சார்லஸ் பேரரசர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மகள் மரியா தெரசாவுக்கு அவருடைய நிலங்கள் சேருமா என்ற தகராறு 1748 வரை இழுத்தது. எங்கோ வியன்னாவில் நடந்த குடும்பச் சொத்துத் தகராறு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அந்தப் போரில் இங்கிலாந்தும் பிரான்சும் எதிரெதிர் அணி. அதன் கிளையாகத்தான் இங்கே முதல் கர்நாடகப் போர் மூண்டது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748-ல் ஐரோப்பாவில் செய்த சமாதான உடன்படிக்கையின்படி அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், சொல்லும் மறக்காது, ஆண்டும் மறக்காது.

என் கணவர் காலமாகிவிட்டார். தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் அவர் பெயரில் உள்ள டெபாசிட்டுக்கு வங்கியில் 'சக்ஸஷன் சர்டிபிகேட்' கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (ஒரு வாசகி)

அம்மா, இல்லை. பெயர்கள் இவ்வளவு ஒத்திருப்பதால் எத்தனையோ குடும்பங்கள் துக்கத்தோடு அலைய வேண்டியிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாரிசுச் சான்றிதழ், இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்று வருவாய்த்துறை தரும் பட்டியல். சக்ஸஷன் சர்டிபிகேட் என்பது 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி நீதிமன்றம் தருவது. தமிழில் 'வாரிசுரிமைச் சான்றிதழ்' என்கிறோம். நடுவில் நிற்கும் அந்த 'உரிமை'யைக் கவனியுங்கள்.

இது எதற்குச் செல்லும் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: இறந்தவருக்கு வர வேண்டிய கடன்களுக்கும், பங்கு, கடன் பத்திரம் போன்றவற்றுக்கும். 'என் கணவர் யாருக்கும் கடன் கொடுக்கவில்லையே' என்று தோன்றலாம். டெபாசிட் என்பது சட்டத்தின் பார்வையில் வங்கி அவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அதனால்தான் கேட்கிறார்கள். வீடு, நிலத்துக்கு இந்தச் சான்றிதழ் பயன்படாது.

மனுவில் அவர் இறந்த நாள், அப்போது வசித்த இடம், குடும்பத்தார் மற்றும் நெருங்கிய உறவினர் விவரம், உங்கள் உரிமை என்ன என்பது, எந்தெந்தத் தொகைக்குக் கேட்கிறீர்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். ஒரு டெபாசிட்டை விட்டுவிட்டால், அதைச் சேர்க்க மறுபடியும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் முதலிலேயே எல்லாவற்றையும் தேடி எடுத்துப் பட்டியல் போட்டுவிடுங்கள். சம்பந்தப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் அறிவிப்பு கொடுக்கும். ஆட்சேபம் இருந்தால் கேட்கும். சான்றிதழை நம்பி நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவரைப் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது. இந்தப் பாதுகாப்புதான் அதன் உயிர்நாடி. பணத்தை வாங்கியவருக்கே அது முழுவதும் சொந்தமாகிவிடாது. மற்ற வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும்.

அலையத் தொடங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அந்த டெபாசிட்டுக்கு நாமினி இருக்கிறாரா? இருந்தால், பொதுவாக இந்தச் சான்றிதழ் இல்லாமலேயே நாமினியிடம் பணம் கொடுக்க வங்கிக்குச் சட்டம் இடம் தருகிறது. நாமினி இல்லாவிட்டாலும், சிறிய தொகைக்கு வங்கிகள் எளிய நடைமுறை வைத்திருக்கின்றன. எழுத்து மூலம் கேளுங்கள். உயில் இருந்தால் வழி வேறு, அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

தாவரவியலில் 'சக்ஸஷன்' வருகிறதே, செடிகளுக்கு ஏது வாரிசு? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பாடநூல் தமிழில் அது 'வழிமுறை வளர்ச்சி.' ஒரே இடத்தில் ஒரு வகை உயிர்க்கூட்டம் வந்து, அந்த இடத்தையே மாற்றி, அடுத்த கூட்டத்துக்கு வழிவிடுவது. இங்கே 'அடுத்தடுத்து', 'இடத்துக்கு வருதல்' என்ற இரண்டு பொருளும் சேர்ந்து நிற்கின்றன.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே, 1963 நவம்பரில் கடலுக்கடியில் எரிமலை வெடித்து சர்ட்ஸி என்ற தீவு எழுந்தது. வெறும் சாம்பலும் எரிமலைப் பாறையும்தான். அங்கே யார் முதலில் வருகிறார்கள் என்று அறிவியலாளர்கள் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்தார்கள். பாறைமேல் முதலில் லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் படலம்), அப்புறம் மாஸ் என்ற பாசி, அப்புறம்தான் செடி என்று நாம் மனப்பாடம் செய்கிறோம், இல்லையா? சர்ட்ஸியில் 1965-லேயே கடற்கரை மணலில் பூக்கும் செடியொன்று முளைத்துவிட்டது. பாசி தென்பட்டது 1967-ல், லைக்கன் 1970-ல். கடல் கொண்டுவந்து போட்ட விதைக்கு மணலே போதும், பாறை மக்கி மண்ணாகும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கியதும், அவற்றின் எச்சம் உரமாகி, புல்லும் செடியும் வேகமாகப் பரவின. தேர்வில் பாடநூல் வரிசையை எழுதுங்கள், ஆனால் மனதில் சர்ட்ஸியையும் வைத்திருங்கள்.

மண் ஏற்கெனவே இருந்து, தீயிலோ வெள்ளத்திலோ செடிகள் மட்டும் அழிந்த இடத்தில் நடப்பது இரண்டாம்நிலை வழிமுறை வளர்ச்சி. அது இன்னும் வேகமாக நடக்கும்.

கம்பெனிச் சட்டத்தில் 'பெர்பெச்சுவல் சக்ஸஷன்' என்றால்? (வணிகவியல் மாணவர்)

நீடித்த தொடர்ச்சி. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 9-வது பிரிவில் இருக்கிறது. பங்குதாரர்கள் இறக்கலாம், விற்றுவிட்டுப் போகலாம். கம்பெனி அதே கம்பெனியாக இருக்கும். அதன் சொத்தும் கடனும் அதன் பெயரிலேயே தொடரும். முறைப்படி கலைத்தால்தான் அதற்கு முடிவு.

'எ சக்ஸஷன் ஆஃப் விசிட்டர்ஸ்' என்று எழுதினால் 'வாஸ்' வருமா, 'வேர்' வருமா? (ஆங்கில வகுப்பு எடுப்பவர்)

இரண்டையும் அச்சில் பார்க்கலாம். வரிசை முழுவதையும் ஒன்றாக நினைத்தால் ஒருமை. வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்தால் பன்மை. இலக்கணத் தேர்வென்றால், தலைமைச் சொல் 'சக்ஸஷன்' என்பதால் ஒருமையையே எழுதச் சொல்லுங்கள்.