பதில்: கம்பியை எடுத்ததும் ஃபைகஸ் போன்சாயின் கிளைகள் மேலே எழும்பிவிட்டன

உங்கள் ஃபைகஸ் போன்சாயில் (தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் அத்தி இன மரம்), கிளைகளை வளைக்கச் சுற்றிய கம்பியை எடுத்ததும் அவை எழும்பியது, பட்டையில் கம்பித் தழும்பு, உச்சி அடர்ந்து கீழ்க்கிளைகள் மெலிந்தது என்று மூன்று தொல்லைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் கீழ்க்கிளைகளைக் கவனியுங்கள், கம்பி அப்புறம்.

ஃபைகஸ் உச்சிக்கே சத்தை அனுப்பும் மரம். உச்சித் தளிர்கள் 6 முதல் 8 இலை விட்டதும் 2 இலைக்கு வெட்டிவிடுங்கள். கீழ்க்கிளைகளின் நுனியைத் தொடாதீர்கள். வேண்டிய தடிமன் வரும்வரை நீளட்டும். கொஞ்ச நாள் அலங்கோலமாகத்தான் இருக்கும். நீங்கள் போட்ட படத்தில் ஒரே இடத்திலிருந்து மூன்று கிளைகள் கிளம்புகின்றன. அவற்றில் ஒன்றையாவது எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடம் வீங்கி, தண்டு கீழே மெலிந்து மேலே பருத்துவிடும். வெட்டிய இடத்தில் பால் வடிந்தால் ஈரத்துணியால் ஒற்றினால் போதும்.

கிளை வளர வளரக் கம்பி பட்டைக்குள் இறங்கும். சீக்கிரம் எடுத்தாலோ கிளை பழைய இடத்துக்கே போகும். ஆகவே ஒரே தடவையில் முடிக்கப் பார்க்காதீர்கள். கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பியை, 45 பாகைச் சாய்வில், பழைய தழும்புக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். வேண்டியதைவிடச் சற்று அதிகமாக வளையுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். கம்பி பட்டையை அழுத்தத் தொடங்கியதும் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து (பிரித்துச் சுழற்றினால் கிளை முறியும்), மறுபடி சுற்றுங்கள். தடித்த முதல் கிளைக்குக் கம்பி சுற்றவே வேண்டாம். ரப்பர் குழாய்த் துண்டு கோத்த இழுகம்பியால் (கிளையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கம்பி) தொட்டியோடு கட்டிவிடுங்கள்.

இதே சமயத்தில் தொட்டி மாற்றவோ இலைகளை முழுக்க உதிர்க்கவோ வேண்டாம். அடுத்த படத்தைத் தண்டின் மட்டத்திலிருந்து எடுத்துப் போடுங்கள், மரத்தைப் பார்வைக்கு வைக்க முன்பக்கம் எது என்று பார்க்கலாம்.