ஃபால்ஸ் சீலிங் உள்ள பள்ளி அரங்கில் மேடை லைட்டுகளைத் தொங்கவிடலாமா?

ஆண்டு விழாவுக்கு ஆறு எல்இடி பார் லைட் (PAR, டப்பா வடிவ மேடை விளக்கு) வாங்கிவிட்டோம், மேடைக்கு மேலே இரண்டுக்கு இரண்டு அடி டைல் போட்ட ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது, டைல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சட்டத்திலேயே மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒரு லைட் கூட வேண்டாம்.

அந்தச் சட்டம் வெறும் மெல்லிய தகடு. ஒன்றரை, இரண்டு கிலோ டைல்களைப் பரவலாகத் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டு கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். லைட் மூன்று கிலோதானே என்று தோன்றும், ஆனால் அந்த மூன்று கிலோ ஒரே இடத்தில் இறங்குகிறது, அதோடு லைட்டைத் திருப்பிச் சாய்த்து ஃபோகஸ் வைக்கும்போதெல்லாம் சட்டம் ஆடுகிறது. ஒரு கம்பி விட்டால் அதன் சுமை பக்கத்துக் கம்பிக்குப் போகும், அப்புறம் அதுவும் விடும். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி நாடகத்துக்கு நாங்களே இப்படிக் கட்டினோம். முதல் நாள் அசையாமல் நின்றது. மறுநாள் மதியம் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் இரண்டு லைட், நாலைந்து டைலோடு மேடையில் கிடந்தன. ஐந்து நிமிடம் முன்னால் அதே இடத்தில் ஒரு மாணவி நின்று வசனம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒரு டைலைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே கான்கிரீட் தளமா, இரும்பு பீமா, தகரக் கூரையா, மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸா என்று தெரிந்தால்தான் அடுத்த பேச்சு. மெட்ராஸ் டெரஸ் என்றால் துளை போடும் யோசனையையே விட்டுவிடுங்கள். நல்ல கான்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட் (கான்கிரீட்டுக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) அடித்து, த்ரெட் ராடை (மரை போட்ட இரும்புக் கம்பி) டைலில் துளையிட்டுக் கீழே இறக்கி, அதில் ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப்பைக் கட்டுவார்கள். ராட் சீலிங் சட்டத்தைத் தொடவே கூடாது. இருபது அடி பைப் மட்டும் ஏறக்குறைய 22 கிலோ வரும். ஆறு லைட், கிளாம்ப், ஒயர் எல்லாம் சேர்த்தால் ஐம்பது கிலோவை நெருங்கும். தலைக்கு மேல் தொங்கும் சுமைக்குப் பத்து மடங்கு தாங்கும்படி பார்ப்பது மேடைக்காரர்களின் வழக்கம். எத்தனை ராட், எவ்வளவு ஆழத்துக்கு போல்ட் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும். எலக்ட்ரீஷியன் "தாங்கும் சார்" என்றால் அதை ஏற்காதீர்கள்.

பைப் வந்த பிறகும் ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் தவிரத் தனியாக ஒரு ஸ்டீல் சேஃப்டி கேபிள் வேண்டும், லைட்டின் வளையத்தில் நுழைத்து பைப்பைச் சுற்றி, தொய்வு இல்லாமல். பிளாஸ்டிக் டேக், சணல் கயிறு எல்லாம் அதற்கு மாற்று ஆகாது. யாராவது பழைய 1000 வாட் ஹாலஜன் பார் கொண்டுவந்தால் அதன் சூடு டைலைக் கருக்கிவிடும், நல்ல இடைவெளி விடுங்கள். டைலுக்கு மேலே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒளித்து வைக்கவும் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், விழாவுக்குச் சில வாரம்தான் இருக்கிறது என்றால் நான் சீலிங்கைத் தொடவே மாட்டேன். மேடைக்கு முன்னால் இடம் வலம் இரண்டு டி-ஸ்டாண்ட் (உச்சியில் குறுக்குக் கம்பி உள்ள ஸ்டாண்ட்), ஸ்டாண்டுக்கு மூன்று லைட், ஒன்பது பத்து அடி உயரம், நடிகர்களின் முகத்துக்குப் பக்கவாட்டிலிருந்து 45 டிகிரியில் அடித்தால் முகம் தெளிவாக விழும், மேலிருந்து அடிப்பதைவிடக் கண்குழி நிழலும் குறையும். எத்தனை கிலோ தாங்கும் என்று ஸ்டாண்டிலேயே போட்டிருக்கும், அதற்குள் நிறுத்துங்கள். ஸ்டாண்டின் கால்களை முழுதாக விரித்து, அந்தக் கால்கள் மேல் மணல் மூட்டை வைத்து, ஒயரைத் தரையோடு டேப் ஒட்டி, குழந்தைகள் ஓடிவரும் பக்கம் ஒரு ஆளை நிறுத்திவிடுங்கள்.