காகித மணி கழுத்துக்குச் சரி, கைப்பைக்குச் சரிவராது

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். பழைய வார இதழ்த் தாள்களை உருட்டி மணி செய்து, மாலையும் காதணியும் கோக்கிறேன். மேலே ஃபெவிகால் பூசி, அது வெளுப்பு மாறியதும் வார்னிஷ் அடிக்கிறேன். கோடையில் பளபளவென்று இருப்பவை ஐப்பசி பிறந்ததும் பிசுபிசுக்கின்றன. சிலவற்றில் தாளின் நுனி எழும்பிவிடுகிறது. இதே மணிகளால் கைப்பையும் பின்ன ஆசை. புதுச்சேரிக் கடைகளில் விற்க முடியுமா?

பதில்: பிசுபிசுப்புக்குக் காரணம் வார்னிஷ் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் ஃபெவிகால். அது தண்ணீர் சேர்ந்த பசை. காய்ந்த பிறகும் ஈரம் கண்டால் இளகும் குணம் அதற்கு உண்டு. தாளை உள்ளே ஒட்டுவதற்கு அதைவிட நல்லது இல்லை. மேற்பூச்சுக்கு அது ஆகாது. போதாக்குறைக்கு, வெளுப்பு மாறியதையே காய்ந்ததாக எடுத்துக்கொண்டு வார்னிஷ் அடித்துவிடுகிறீர்கள். உள்ளே மிச்சம் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபடுகிறது.

ஈரம் வெளியிலிருந்து நுழையும் வழி ஒன்றும் இருக்கிறது: மணியின் இரண்டு வாய்கள். பெரும்பாலானோர் மணியின் வயிற்றில் மட்டும் தூரிகையால் தடவிவிட்டு, துளை அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில் வாயைத் தொடுவதே இல்லை. தாளின் வெட்டு விளிம்புகள் அடுக்கடுக்காகத் திறந்து கிடப்பது அங்கேதான். கடலோரக் காற்றும் கழுத்து வியர்வையும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன.

உருட்டுவதிலிருந்தே வருவோம். ஏ4 அளவுத் தாள் ஒன்றை எடுத்து, 21 செ.மீ. பக்கத்தில் 2 செ.மீ. இடைவெளியில் குறியிடுங்கள்: 0, 2, 4 என்று. எதிர்ப் பக்கத்தில் 1, 3, 5 என்று குறியிட்டு, இரண்டையும் வளைந்து வளைந்து இணைத்தால் தலைகீழாக மாறி மாறி அமைந்த நீள முக்கோணங்கள் கிடைக்கும். ஓரத்துத் துண்டுகளைக் கழித்துவிட்டால் ஒரு தாளுக்கு ஏறக்குறைய 20 மணி. முக்கோணத்தின் அகலம் மணியின் நீளத்தைத் தீர்மானிக்கும். நீளம் அதன் பருமனைத் தீர்மானிக்கும். வழவழப்பான வார இதழ்த் தாளில் 30 செ.மீ. நீளத் துண்டை இறுக்கமாக உருட்டினால் நடுவில் 6 மி.மீ. பருமன் வரும். இருமடங்கு தடிமனான தாள் என்றால் நீளத்தைப் பாதியாக்குங்கள். திருமணப் பத்திரிகை அட்டைகளை விட்டுவிடுங்கள். உருட்டும்போதே மடிந்து வெடிக்கும். செய்தித்தாள் ஊறும், மஞ்சளாகும். வீட்டுப் பிரின்டரில் அச்சடித்த தாளாக இருந்தால் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். இங்க்ஜெட் மை பெரும்பாலும் கலங்கும், லேசர் அச்சு கலங்காது. சாமி படம் போட்ட நாட்காட்டித் தாள் உருட்டுவதற்கு அருமையான தாள்தான், ஆனால் கத்தரி வைக்கப் பலருக்கும் மனம் வராது. வாங்குகிறவர்களுக்கும் அதே கூச்சம் இருக்கும்.

உருட்ட ஈர்க்குச்சியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். அது ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்திருப்பதால் துளை ஒரே அளவாக வராது. சைக்கிள் ஸ்போக் கம்பி போதும், 2 மி.மீ. கனம், வழவழப்பு, விலையும் குறைவு. முதல் இரண்டு சுற்றுக்குப் பசை வேண்டாம், மணி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு மெல்லிய பூச்சு. கடைசி 3 செ.மீ. நீளத்துக்கு மட்டும் விளிம்பு வரை பசை தடவுங்கள். வழவழப்புத் தாளில் பசை மெதுவாகத்தான் பிடிக்கும். அதனால் நுனியை விரலால் அழுத்திக் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். ஊசி போன்ற கூர் நுனியை ஓரிரு மில்லிமீட்டர் கத்தரித்து மழுக்கிவிட்டால் எழும்புவது இன்னும் குறையும். உருட்டியவற்றை இரண்டு நாள் நிழலில் காய விடுங்கள்.

மேற்பூச்சுக்கு மரச் சாமான்களுக்கு அடிக்கும் நிறமற்ற பாலியூரித்தேன் வார்னிஷ் நல்லது. பெயின்ட் கடையில் சிறிய டப்பாவாகக் கிடைக்கும். மணியை மெல்லிய குச்சியில் செருகி முழுதாக முக்கி எடுங்கள். வழிவதை வடியவிட்டு, குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி, தெர்மாகோல் துண்டில் குத்தி நிறுத்துங்கள். குச்சி துளையோடு ஒட்டாமலிருக்க அரை மணி கழித்து இன்னொரு முறை சுற்றிவிடுங்கள். இப்படி மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. அடைமழை நாட்களில் இரண்டு நாள். கொளுத்தும் வெயிலில் வைத்தால் மேலே தோல் கட்டி அடியில் ஈரம் நிற்கும், அதுவும் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வார்னிஷ் தீப்பற்றக்கூடியது, எனவே சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உருட்டும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, பூச்சை வெளிச்சமான நாட்களுக்குத் தள்ளிப்போடுவதே என் யோசனை. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு மணியைக் குளியலறையில் ஒரு வாரம் தொங்கவிட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் அந்த ஈடு விற்பனைக்கு இல்லை.

கோக்கும்போது இரண்டு காகித மணிகளுக்கு நடுவே ஒரு சிறிய கண்ணாடிப் பாசி போடுங்கள். வாய்கள் ஒன்றோடொன்று உரசிப் பூச்சு பெயர்வது நிற்கும்.

இனி பை. காகித மணியை அதில் உடலாகப் பின்னினால், இழுபடும் நரம்பு மணியின் வாயை மெல்ல அறுக்கும். பஸ்ஸில் ஈரத் தரையில் ஒருமுறை வைத்தால் அடிவரிசை போயிற்று. அழுக்கானால் கழுவவும் முடியாது. பைக்கு 8 மி.மீ. அக்ரிலிக் மணியே ஏற்றது. நரம்புக்கு 0.5 மி.மீ. தங்கூசி, அதாவது மீன் பிடிக்கும் நைலான் இழை; துறைமுக ஊரில் இருக்கும் உங்களுக்கு அது எங்கே கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு மணிப் பூவாகப் பின்னுவது தொடங்குபவருக்கு எளிது. முதல் பூவுக்கு நான்கு மணி கோத்து, நான்காவதில் இரண்டு நுனிகளையும் எதிரெதிராக விடுங்கள். அந்த வரிசையில் அடுத்த பூக்களுக்கு மும்மூன்று போதும். இரண்டாம் வரிசையில் முதல் பூவுக்கு மூன்று, மற்றவற்றுக்கு இரண்டு, ஏனென்றால் பக்கத்துப் பூவின் மணி பொதுவாகிவிடுகிறது. 8 மி.மீ. மணியில் ஒரு பூ ஏறக்குறைய 11 மி.மீ. இடம் பிடிக்கும். ஒரு முகத்தில் 20 பூ அகலம், 16 பூ உயரம் என்றால் பை 22 செ.மீ.க்கு 18 செ.மீ. அளவில் வரும். சுற்றிலும் பின்னி அடியை மூட 1,300 மணி வேண்டும். அக்ரிலிக்கில் அது 400 கிராம் அளவுக்கு இருக்கும். கண்ணாடியில் 800 கிராமைத் தாண்டும். வெறும் பையே அவ்வளவு கனத்தால் யார் தூக்குவார்கள்?

பெரும்பாலான மணிப்பைகள் அறுவது கைப்பிடி சேரும் இடத்தில். மணியை எடை தாங்க விடக் கூடாது. உள்ளே கெட்டியான துணியில் தனிப்பை தைத்து, கைப்பிடியை அந்தத் துணியோடு சேர்த்துத் தையுங்கள். மணி வெறும் சட்டைதான். தங்கூசியின் நுனியை முடிச்சிட்டதோடு விடாமல், ஐந்தாறு மணிகளுக்குள் திருப்பி ஓட்டி மறையுங்கள். முடிச்சைத் தீக்குச்சியால் சுடும் பழக்கம் பலருக்கு உண்டு. சூடு பட்ட இடத்தில் நரம்பு பலம் இழக்கும். காகித மணி மேல் ஆசை விடவில்லை என்றால் ஜிப்பின் இழுப்பிலும் மூடியின் குஞ்சத்திலும் தொங்கவிடுங்கள். அங்கே எடை இல்லை, தேய்ந்தால் மாற்றலாம்.

புதுச்சேரி ஞாயிறு சந்தையில் மலிவு விலைப் பொருள்களோடு போட்டி போடாதீர்கள். சுற்றுலாப் பயணிகள் வரும் பரிசுப்பொருள் கடைகளே உங்களுக்கான இடம். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த காகிதம் அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. அத்தகைய தாளில் உருட்டிய மணி, வார இதழ் மணியைவிட எளிதில் விலைபோகும். தடித்த தாள் என்பதால் நீளத்தைக் குறைத்து வெட்டுங்கள், பூச்சும் கூடுதலாக உறிஞ்சும். பாரதி பூங்காவுக்கு அருகிலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்திய பழந்துறைமுகமான அரிக்கமேட்டின் மணிகள் அங்கே இருக்கின்றன. வடிவத்தையும் நிறத்தையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மாலைக்கு ‘அரிக்கமேட்டு மணி’ என்று பெயர் வைத்து விற்காதீர்கள்.

விலைக்கு, 20 மணியை உருட்டிப் பூசி முடிக்க ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்து, உங்கள் ஊரின் தையல் கூலியை அதற்குக் கணக்கிட்டு, பொருள் செலவையும் கடைக்காரரின் கழிவையும் சேருங்கள். கடைக்காரர் விற்ற பிறகு பணம் தருவதாகச் சொன்னால், கொடுத்த எண்ணிக்கையை இரண்டு பிரதியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருப்பி எடுக்கும் தேதியையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.