'மேன் ஆன் வயர்' ஆவணப்படம்: கேள்வி பதில்

1974 ஆகஸ்ட் 7 காலையில், நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே 400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பிரெஞ்சுக் கம்பி நடைக் கலைஞர் பிலிப் பெத்தி அனுமதி வாங்காமல் கம்பியில் நடந்ததைச் சொல்லும் படம் இது. இயக்கம் ஜேம்ஸ் மார்ஷ், வெளிவந்தது 2008.

கேள்வி: சார், 200 கிலோ கேபிள் எதிர்க் கோபுரத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அம்பு விடும் காட்சி சட்டென்று முடிந்துவிட்டது.

பதில்: அம்பில் கட்டியிருந்தது தூண்டில் நரம்பு. வடக்குக் கோபுரத்திலிருந்து அதை எய்தவர் பெத்தியின் நண்பர் ழான்-லூயி ப்ளோந்தோ. தெற்குக் கோபுரத்தில் இருந்த பெத்திக்கு இருட்டில் நரம்பு தெரியவில்லை. உடம்பில் உரசினால் தட்டுப்படும் என்று துணிகளைக் கழற்றிவிட்டுத் துழாவினார். நரம்பின் நுனியில் ஒரு மெல்லிய கயிறு, அதன் நுனியில் தடித்த கயிறு, கடைசியில்தான் கேபிள். நடுவில் ஒரு கயிற்றைத் தவிர்த்துவிட்டால், மெல்லியது பாரம் தாங்காமல் அறுந்துவிடும். அன்று சிக்கல் வந்தது கேபிளை விடும்போது. விட்ட வேகம் கைமீறி, கேபிள் தன் பாரத்தாலேயே இறங்கி நடுவில் தொங்கிவிட்டது. வடக்குப் பக்கம் இருந்தவர்கள் மணிக்கணக்கில் கையாலேயே இழுத்து ஏற்றினார்கள். நடையைவிடப் பெரிய சாதனை இந்த இழுவைதான் என்பேன்.

கேள்வி: கேபிளிலிருந்து பக்கவாட்டில் போகும் கயிறுகள் எதற்கு அண்ணா?

பதில்: அவை கவலெட்டி. முறுக்கி நெய்த எஃகுக் கேபிள், மிதிக்கும்போது காலடியில் உருளப் பார்க்கும். காற்றடித்தால் பக்கவாட்டில் ஊசலாடும். இரு பக்கமும் இழுத்துக் கட்டினால் இரண்டும் அடங்கும். அங்கே இன்னொரு தொல்லையும் இருந்தது. கோபுரங்களே காற்றில் அசைந்ததால் கேபிளின் இறுக்கம் கூடிக் குறைந்தது. புதுக் கேபிள் என்றால் அதில் ஊறியிருக்கும் எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும்.

கேள்வி: 25 கிலோ கழியைச் சுமந்து நடப்பது கூடுதல் சிரமம் இல்லையா?

பதில்: கை வலிக்கும், ஆனால் அதுதான் காப்பாற்றுகிறது. நீளமான கழியில் எடை இரு நுனி வரை பரவியிருப்பதால் உடம்பு மெதுவாகத்தான் சாயும். நிமிர்ந்துகொள்ள அவகாசம் கிடைக்கும். நுனிகள் கீழே வளைவதால் எடை மையமும் கொஞ்சம் தாழும்.

கேள்வி: அவர்களைக் கோபுரத்துக்குள் எப்படி விட்டார்கள்?

பதில்: தெற்குக் கோபுரத்தின் 82ஆம் மாடியில் வேலை பார்த்த பேரி கிரீன்ஹவுஸ் உள்ளிருந்து உதவினார். காவலாளி வந்ததும் பெத்தியும் கூட்டாளி ழான்-பிரான்சுவா எக்கலும் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் பல மணி நேரம் அசையாமல் கிடந்தார்கள்.

கேள்வி: தண்டனை?

பதில்: வழக்கைக் கைவிட்டார்கள். பதிலுக்கு சென்ட்ரல் பார்க்கில் குழந்தைகளுக்காக இலவசமாக நடந்து காட்டினார்.

கேள்வி: படத்தில் எது அசல், எது நடிப்பு?

பதில்: இரவில் கோபுரத்துக்குள் நடக்கும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நடித்து எடுத்தவை. பிரான்சின் புல்வெளியில் நண்பர்களோடு பயிற்சி செய்வது அந்தக் காலத்திலேயே எடுத்த அசல் படச்சுருள். கோபுர நடைக்குப் புகைப்படங்கள் மட்டுமே. படத்தில் அவற்றுக்குப் பின்னால் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் பியானோ இசை ஒலிக்கும். பெத்தி சுமார் 45 நிமிடத்தில் எட்டு முறை கடந்தார். கம்பியில் அவர் படுத்திருக்கும் புகைப்படத்தை நிறுத்திப் பாருங்கள்.