97 கிலோமீட்டர் என்கிறது இ-சலான்; பக்கத்தில் பஸ் இருக்கிறது: மறுக்க வழி உண்டா?

கேள்வி: பெருந்துறையிலிருந்து கோவை எண்ணெய் மில்லுக்குக் கொப்பரை ஏற்றிச் சென்றபோது, அவிநாசிக்கு முன்னால் என் பிக்கப் வண்டி 97 கி.மீ. வேகத்தில் சென்றதாக இ-சலான் வந்திருக்கிறது. வேக எல்லை 80 என்று குறித்திருக்கிறார்கள். வண்டியில் ஸ்பீடு கவர்னர் (வேகத்தை எல்லைக்கு மேல் ஏற விடாத கருவி) 80-க்கு வைத்து சீல் போட்டிருக்கிறது. இணையத்தில் உள்ள படத்தில் என் வண்டிக்கு வலப்பக்கம் ஒரு பஸ் தாண்டிப் போவது தெரிகிறது. "ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு வேலையைப் பார்" என்கிறார்கள் நண்பர்கள். நான் கட்ட வேண்டுமா? (பெருந்துறை வாசகர்)

பதில்: முடிவெடுக்கும் வரை கட்டாதீர்கள். அபராதத்தைக் கட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆம் பிரிவின்படி குற்றத்தை இணக்கமாகத் தீர்த்துக்கொள்வதாகும். அதோடு வழக்கு முடிந்துவிடும், பிறகு "நான் அந்த வேகத்தில் போகவில்லை" என்று சொல்ல இடமிருக்காது. அதே சமயம், சும்மா இருப்பதும் மறுப்பாகாது. சலானில் உள்ள காலக்கெடுவுக்குள் கட்டவோ மறுக்கவோ வேண்டும்.

உங்கள் வாதம் "நான் மெதுவாகத்தான் போனேன்" என்பதாக இருக்கக் கூடாது. எல்லா ஓட்டுநர்களும் சொல்வது அதுதான் என்பதால் எந்த அதிகாரியின் காதிலும் அது ஏறாது. 97 என்ற எண் உங்கள் வண்டிக்குரியதுதானா, அதை அளந்த கருவியின் காகிதங்கள் சரியாக உள்ளனவா என்ற இரண்டு கேள்விகளில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது.

முதல் கேள்விக்கு, வேகத்தை அளந்தது ரேடாரா லேசரா என்று தெரிய வேண்டும். லேசர் கருவியின் ஒளிக்கற்றை மிகக் குறுகியது. 300 மீட்டர் தொலைவில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கே விரியும் என்பதால், குறிபார்த்தவர் சரியாகப் பார்த்திருந்தால் பக்கத்து வண்டி குழப்பாது. ரேடார் அப்படியல்ல. பன்னிரண்டு டிகிரி விரியும் ரேடார் கதிர் 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்தை மூடிவிடும்; அந்த அகலத்துக்குள் ஒரு பிக்கப்பும் ஒரு பஸ்ஸும் சேர்ந்து வந்தால், பெரிய தகர உடம்பு கொண்ட பஸ்ஸிலிருந்து திரும்பும் அலையே வலுவாக இருக்கும். உங்களைத் தாண்டிச் செல்லும் பஸ் உங்களைவிட வேகமாகப் போகிறது என்பதற்கு அந்தப் படமே சாட்சி. எனவே முழுப் படத்தையும் வெட்டாமல் இப்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறித்த இரண்டு படங்கள் இருந்தால் இன்னும் நல்லது: மணிக்கு 97 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். அரை நொடி இடைவெளியில் வண்டி பதின்மூன்று மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்க வேண்டும். சாலையோரக் கம்பங்களின் இடைவெளியை வைத்து அதைச் சரிபார்க்கலாம். அளக்கிறேன் என்று நெடுஞ்சாலைக்குள் இறங்கிவிடாதீர்கள். சர்வீஸ் ரோட்டில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாதத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கருவி சாலையோரத்தில் சாய்வாக இருந்ததால் வேகம் கூடிக் காட்டியது என்று சிலர் எழுதிக் கொடுப்பார்கள். நேருக்கு நேராக இல்லாமல் சாய்வாகப் பார்க்கும் கருவி, உண்மை வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும். கருவியைப் பற்றித் தெரிந்த ஒருவர் எதிரே இருந்தால் உங்கள் மற்ற வாதங்களும் அதோடு சேர்ந்து விழும்.

நம்பர் பிளேட்டையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஈரோட்டின் 33-ஐயும் கோவை வடக்கின் 38-ஐயும் தூசி படிந்த பிளேட்டில் கேமரா மாற்றிப் படிப்பது நடக்கக்கூடியதே. உங்கள் படத்தில் இருப்பது உங்கள் வண்டிதான் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. வண்டியே அங்கு போகாதவர்களுக்கு ஃபாஸ்டேக் கணக்கு நல்ல ஆதாரம். ஆனால் உங்கள் வேகத்தை நிரூபிக்க அது பயன்படாது. விஜயமங்கலம் சுங்கச்சாவடிக்கும் கணியூருக்கும் இடையே சராசரி 60 வந்தாலும், நடுவில் ஒரு நிமிடம் 97 தொட்டிருக்கலாமே என்பார்கள்.

இனி காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 183(3), வேகமாகப் போனார் என்று ஒரே சாட்சி தன் கருத்தாகச் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அந்தக் கருத்து ஒரு இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் அளவையிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆகவே அவர்கள் தரப்பு முழுவதும் அந்தக் கருவியின் தோளில்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி, கேமராவோ ஸ்பீடு கன்னோ எதுவானாலும் மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். குறுஞ்செய்தி வந்த தேதியைச் சம்பவத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது போக, 2025 ஜூலை 1 முதல் வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளை எடையளவுச் சட்டத்தின் கீழ் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. கொப்பரை ஏலத்தில் தராசுக்கு முத்திரை கேட்டுப் பழகிய ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சான்றுகளின் நகல், கருவியின் வரிசை எண், அன்று அது நின்ற இடம் ஆகியவற்றைச் சலான் போட்ட காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதில் தர 30 நாள். அந்த முப்பது நாளும் சலானின் கெடுவை நீட்டிக்காது என்பதால், இ-சலான் இணையதளத்தில் மறுப்பை முதலில் பதிவு செய்துவிடுங்கள். இணையவழியில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு வழக்கு போய்விட்டிருந்தால், அங்கும் கட்டுவது, எதிர்த்து வாதாடுவது என்ற இரண்டு வழிகள் உண்டு. இரண்டாவதைத் தேர்ந்தால் சம்பவ இடத்துக்குரிய நடுவர் நீதிமன்றத்துக்கு மாறும்.

கவர்னர் விஷயத்தில் வெளிப்படையாகவே கேட்கிறேன்: அது உண்மையில் வேலை செய்கிறதா? எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முடிந்த கையோடு கவர்னரின் வயரைக் கழற்றிவிடும் வழக்கம் லாரிப்பட்டறை எதிலும் ரகசியமல்ல. சீல் உடையாமல், சான்றிதழ் நடப்பில் இருந்தால் அதுதான் உங்கள் கையிலுள்ள மிக வலுவான ஆதாரம். 80-க்கு மேல் ஏறாத வண்டி சமதளத்தில் 97 போக முடியாது. மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டிச் சோதிக்கத் தயார் என்று மனுவிலேயே எழுதலாம். வயர் கழன்றிருந்தால் கவர்னரைப் பற்றி வாயே திறக்காதீர்கள்; இல்லாவிட்டால் வேக வழக்கோடு இன்னொன்றும் வந்து சேரும்.

வண்டியில் ஜி.பி.எஸ். பொருத்தியிருந்தால், சம்பவ நேரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிட வேகப் பதிவை அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். பழைய பதிவுகளை அவர்கள் நெடுநாள் வைத்திருப்பார்கள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். வெறும் அச்சுத்தாள் நீதிமன்றத்தில் நிற்காது. பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படியான மின்னணுச் சான்றிதழையும் சேர்த்தே பெறுங்கள். இதே சான்றிதழ் காவல்துறையின் படத்துக்கும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

செலவுக் கணக்கு இதுதான். உங்கள் வகை இலகுரக வாகனத்துக்குச் சட்டம் சொல்லும் அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. தோற்றாலும் இதற்கு மேல் போகாது, ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு லோடு போகும். வெறும் படத்தை மட்டும் வைத்திருந்தால் மறுப்பை இணையத்தில் பதிவு செய்து பார்த்து, நிராகரித்தால் கட்டிவிடச் சொல்வேன். சீல் உடையாத கவர்னரும் ஜி.பி.எஸ். பதிவும் இருந்தால் நீதிமன்றம் வரை போகலாம். இதே குற்றம் இரண்டாம் முறை பதிவானால் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றச் சட்டம் இடம் தருகிறது. வண்டி ஓட்டிப் பிழைக்கும் உங்களுக்கு இந்த முதல் பதிவை நீக்குவது ஆயிரம் ரூபாயைவிடப் பெரிது. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்ததும் அதன் நகலை வாங்கி, இணையத்தில் நிலுவை நீங்கியதா என்று பார்த்துவிடுங்கள். நீங்காமல் கிடந்தால் அடுத்த எஃப்.சி. நேரத்தில் அது வந்து வழி மறிக்கக்கூடும்.